களத்தில் பிள்ளை தனியாக நிற்கக் கூடாது

மக்களே, உடற்கல்விப் படிப்பை முடித்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறவர்கள், ஊரில் புதிதாகக் கபடி செட் கட்டியிருக்கிறவர்கள், அம்மன் கொடைக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் போட்டி நடத்தப் பொறுப்பெடுத்திருக்கிறவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எப்படி ஓட வைப்பது, எப்படிப் பிடிக்க வைப்பது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த அஞ்சுகிராமம் வட்டாரத்தில் விசில் ஊதியே வயதானவன் நான். ஆட்டத்தில் தோற்று அழிந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நிற்க வேண்டிய பெரியவர்கள் சட்டம் தெரியாமல், விதி தெரியாமல், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதால் அழிந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இதில் பயிற்சி பற்றி ஒரு வரியும் இராது.

1. சாந்தியின் கதையைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைத் தொழிலாளிகள். அந்த வீட்டிலிருந்து வந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். சில நாட்களுக்குள் பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். மருத்துவரும் அவரும் மட்டும் அறிந்திருக்க வேண்டிய விஷயத்தைத் தொலைக்காட்சி நாட்டுக்கே சொன்னது. மறு ஆண்டு அவர் உயிரை விடத் துணிகிற நிலைக்குப் போய், காப்பாற்றப்பட்டார். பிறகு சூளையில் கூலிக்குப் போனார் என்ற செய்தியையும் நாம் படித்தோம். அன்றைய முதல்வர் கருணாநிதி பதக்கம் போன பிறகும் பரிசுத் தொகையைக் கொடுத்தார் என்பதையும், பயிற்சியாளர் படிப்பை முடித்த சாந்திக்கு 2016-ல் தமிழ்நாடு அரசு தடகளப் பயிற்சியாளர் வேலை கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் நடுவில் போன பத்து வருடத்தை யார் திருப்பித் தருவார்?

இன்னும் ஆசிரியர் அறைகளில் சிலர் "அந்தப் பொண்ணு ஏமாத்திச்சுல்லா" என்று பேசுவதைக் கேட்கிறேன். அப்படிப் பேசுகிறவரை அந்த இடத்திலேயே திருத்துங்கள். சாந்தி எதையும் சாப்பிடவில்லை, எதையும் மறைக்கவில்லை. பிறக்கும்போதே உடம்பு எப்படி அமைந்ததோ அந்த உடம்போடு ஓடினார். அவ்வளவுதான்.

எட்டு வருடம் கழித்து, 2014-ல் ஒடிசாவின் டூட்டி சந்துக்கும் ஏறக்குறைய இதே நிலை வந்தது. காமன்வெல்த் போட்டிக்குப் போகும் முன் அணியிலிருந்து நீக்கினார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். வழக்கறிஞர்கள் இருந்தார்கள், விவரம் தெரிந்த ஆலோசகர் இருந்தார், இந்திய விளையாட்டு ஆணையமும் துணைக்கு வந்தது. சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2015 ஜூலையில் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. மறு வருடம் டூட்டி ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். சாந்திக்கு அப்படி நிற்க ஒருவரும் இல்லை.

இந்தச் சட்டம் இன்றுவரை மாறிக்கொண்டே இருக்கிறது. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு, உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வருகிறவர்களுக்கு வாழ்நாளில் ஒரு முறை மரபணுச் சோதனை வேண்டும் என்று வைத்துவிட்டது. கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுக்கிறார்கள், அல்லது ரத்தம். அது சரியா தவறா என்ற வாதம் பெரிய இடங்களில் நடக்கட்டும். நமக்குள்ள கடமை சிறியது, ஆனால் தப்பக் கூடாதது. உங்களிடம் ஓடுகிற ஒரு பெண் பிள்ளையின் உடம்பைப் பற்றி நீங்கள் சந்தேகப் பேச்சுப் பேசக் கூடாது, பேச விடவும் கூடாது. குறுவட்டப் போட்டியில் தோற்ற பள்ளிக்கூடத்தார் வந்து "அது பையன் மாதிரி இருக்கே" என்று சொன்னால், அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். மருத்துவத் தாள் எதுவானாலும் அது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொந்தம். தலைமையாசிரியர் கேட்டாலும் பத்திரிகைக்காரர் கேட்டாலும் அது உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

2. நம் மாவட்டத்துப் பிள்ளை ஒருத்தி நீதிமன்றத்துக்குப் போனதை மறக்காதீர்கள்.

கடையாலுமூட்டைச் சேர்ந்த சமீஹா பர்வீன், செவித்திறன் இல்லாத நீளம் தாண்டும் வீராங்கனை. 2021 ஆகஸ்டில் போலந்து நாட்டின் லூப்ளின் நகரில் காது கேளாதோருக்கான உலகத் தடகளப் போட்டி. டெல்லியில் நடந்த தேர்வில் அவர் தகுதி காட்டினார். ஆனாலும் பட்டியலில் பெயர் வரவில்லை. பெண்களில் அவர் ஒருத்திதான் தேர்வாகிறார், ஒருத்தியை மட்டும் துணையோடு எப்படி அனுப்புவது என்பதே பிரச்சினையாகச் சொல்லப்பட்டது. யோசித்துப் பாருங்கள். தாண்டிய தூரத்தில் குறையில்லை. பெண்ணாக இருந்ததும், தனியாக இருந்ததும் குறையாகிவிட்டன.

அந்தக் குடும்பம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. போட்டிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவரை அணியில் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. சமீஹா போலந்துக்குப் போனார்.

உங்களில் எத்தனை பேருக்குத் துணிச்சலாக மதுரைக்கு வண்டி ஏறத் தெரியும்? ஏறினால் கையில் என்ன கொண்டுபோக வேண்டும் என்று தெரியும்? தேர்வுப் போட்டியின் அறிவிப்பு, பதிவு எண், அளந்த தூரம், நடுவர் கையெழுத்திட்ட தாளின் நகல், தேர்ந்தெடுக்கப்பட்டவர் பட்டியல், சங்கத்துக்கு நாம் எழுதிய கடிதம், அதை அனுப்பிய பதிவுத் தபால் சீட்டு. இவை இருந்தால் வழக்கறிஞர் ஒரே நாளில் மனுத் தயாரித்துவிடுவார். இவை இல்லாமல் "என் பிள்ளைக்கு அநியாயம் பண்ணிட்டாங்க" என்று எவ்வளவு அழுதாலும் நீதிபதியால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு போடுங்கள். தேர்வு நடக்கும் இடத்திலேயே முடிவுத் தாளைப் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

செவித்திறன் குறைந்த பிள்ளை உங்களிடம் வந்தால் இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கான சர்வதேசப் போட்டிக்கு, நன்றாகக் கேட்கும் காதிலும் குறைந்தது 55 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். ஓடும்போது காதுக் கருவியைக் கழற்றிவிட வேண்டும். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பதில் விளக்கு எரிந்துதான் ஓட்டம் தொடங்கும். நம் பள்ளிப் போட்டியில் அந்த விளக்கு கிடையாது. பிள்ளையின் கண்ணுக்கு நேரே கொடி அசைக்க ஒரு ஆளை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள். யாரும் கேட்பதில்லை.

3. வயதில் கை வைக்காதீர்கள்.

எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் சொன்னதே பிறந்த தேதி. இப்போது பிறப்புச் சான்றும், ஆதாரும், பள்ளிக் கல்வித் துறை தரும் எமிஸ் எண்ணும் ஒன்றோடு ஒன்று பார்க்கப்படுகின்றன. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிற சோதனையும் வந்துவிட்டது. பதினாறு வயதுப் பையனைப் பதினான்கு வயதுப் பிரிவில் இறக்கினால் நியாயமாகப் பதினான்கு வயதில் ஆடுகிற இன்னொரு பையன் வீட்டுக்குப் போகிறான். அவன் முகம் உங்களுக்குத் தெரியாது என்பதற்காக அந்த அநியாயம் சிறியதாகாது. சான்றிதழைத் திருத்துவது குற்றவியல் சட்டத்தில் வரும். தண்டனை வரும்போது பையன் பெயரும் சேர்ந்துதான் வரும்.

4. மருந்துக் கடைக்கும் ஜிம்முக்கும் நீங்கள் கூடவே போங்கள்.

திருச்சி பக்கம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில், அதே தோஹாவில், அதே 800 மீட்டரில், ஆசியத் தடகளப் போட்டியில் 2 நிமிடம் 2.70 விநாடியில் தங்கம் வென்றார். தமிழ்நாடே கொண்டாடியது. சோதனையில் நான்ட்ரோலோன் இருந்தது என்று வந்தது. தெரிந்து எடுக்கவில்லை என்று கோமதி சொன்னார். நான்கு ஆண்டுத் தடை வந்தது, தங்கம் போனது.

சாந்தி கதையையும் கோமதி கதையையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் நிறைய. முன்னது உடம்பின் பிறப்பு பற்றியது, பின்னது உடம்புக்குள் போன பொருள் பற்றியது. பிறப்பு விஷயத்தில் வழக்காடி வென்ற டூட்டி சந்தே பின்னாளில், 2022 டிசம்பரில் எடுத்த மாதிரிகளில் தடை செய்த பொருள் இருந்ததால் நான்கு ஆண்டுத் தடை வாங்கினார். ஒரே மனுஷிக்கு நேர்ந்தாலும் இரண்டும் வேறு வேறு.

ஊக்க மருந்துச் சட்டத்தில் நீங்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இது. உடம்பில் பொருள் இருந்தால் பொறுப்பு விளையாடியவருடையது. கோச் கொடுத்தார், டாக்டர் எழுதினார், பவுடரில் கலந்திருந்தது என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாம். பதக்கத்தைக் காப்பாற்றாது. அதனால்தான் கொடுக்கிற கைக்குப் பாவம் அதிகம் என்கிறேன். 2022-ல் வந்த தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் கொடுப்பவரையும் பிடிக்கும்.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் 2023 கணக்கில், இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213-ல் தடை செய்த பொருள் இருந்தது. நூற்றுக்கு 3.8. ஐயாயிரத்துக்கு மேல் சோதித்த நாடுகளில் இதுவே மிக அதிகம். அதே வருடம் செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். மற்றவர்களைக் காணவில்லை. ஒரு சிறுமி எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே போனாள், சோதனையிலிருந்து தப்ப. அந்தச் சிறுமிக்கு ஊசியை அறிமுகம் செய்தது யார் என்று நினைத்து எனக்கு உறக்கம் வரவில்லை.

சோதனை எப்படி நடக்கும் என்பதைப் பிள்ளைக்கு முன்னமே சொல்லிக் கொடுங்கள். பந்தயம் முடிந்ததும் ஒரு அதிகாரி வந்து பெயர் சொல்லிக் கையெழுத்து வாங்குவார். அந்த நொடியிலிருந்து அவர் பார்வையை விட்டுப் போகக் கூடாது. போனால் அதுவே குற்றம். முத்திரை உடையாத பெட்டிகள் சிலவற்றை வைத்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிள்ளைதான் எடுக்க வேண்டும். குறைந்தது 90 மில்லி சிறுநீர் வேண்டும். அதே பாலினத்தைச் சேர்ந்த ஒருவர் நேரில் நின்று பார்ப்பார். பெண் பிள்ளைகள் இதைத் தெரியாமல் போனால் நடுங்கிவிடுவார்கள். சிறுநீரை ஏ, பி என்று இரண்டு குப்பியில் பிரித்து ஊற்றுவார்கள். மூடியைப் பிள்ளையே திருகி மூடலாம், குப்பி எண்ணும் தாளில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று பார்க்கலாம், பார்க்க வேண்டும். கடந்த ஏழு நாளில் சாப்பிட்ட மருந்தை எல்லாம் தாளில் எழுத வேண்டும். ஏதேனும் முறைகேடு தெரிந்தால் அதே தாளில் எழுத இடம் உண்டு. உடன் ஒருவர் வர உரிமை உண்டு. அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும். ஏ குப்பியில் பொருள் இருந்தால் பி குப்பியையும் திறந்து பார்க்கச் சொல்லலாம்.

சளிக்கும் இருமலுக்கும் நம் ஊர் மருந்துக் கடையில் கைநீட்டிக் கொடுக்கிற சிரப்புகளில் டெர்புடலின் கலந்தவை உண்டு. அது தடைப் பட்டியலில் உள்ளது. ஜலதோஷத்துக்குச் சாப்பிட்டேன் என்று சொல்லி மீள முடியாது. ஆஸ்துமா போன்ற நோய் உண்மையிலேயே இருந்தால், சிகிச்சைக்காக விலக்குக் கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. பவுடர் டப்பா விஷயத்தில் என் யோசனை சுருக்கமானது. முட்டையும் பயறும் மீனும் கிடைக்கிற ஊரில் அந்த டப்பா வேண்டாம்.

5. எடைக்காகப் பட்டினி போடாதீர்கள்.

60 கிலோ, 65 கிலோ என்று எடைப் பிரிவு வைத்து நடக்கிற மின்னொளி கபடிக்கு வாருங்கள். சாயங்காலம் மைக் கட்டுகிற நேரத்தில் தராசு வைத்த மேசைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், எச்சிலைத் துப்பித் துப்பி ஒரு பையன் நிற்பான். டவுசரையும் கழற்றி ஏறுவான். அரை கிலோ கூடுதல் என்றால் அந்தக் களத்திலேயே ஸ்வெட்டர் போட்டு ஓடவிடுவார்கள். எடை போட்டு முடிந்ததும் ஒரு மடக்கில் இரண்டு பாட்டில் தண்ணீர். ராத்திரி பதினொரு மணிக்கு அவன் ரைடு போக வேண்டும்.

1997-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் எடை குறைக்கப் போய் மூன்று மல்யுத்த மாணவர்கள் சில வாரங்களுக்குள் செத்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட் ராத்திரி முழுக்கத் தூங்காமல், முடியைக்கூட வெட்டி முயன்றும் 100 கிராம் அதிகம் என்று இறுதிப் போட்டியை இழந்தார். பெரிய டாக்டர்கள் கூட இருந்தும் அந்த நிலை. நம் பையனுக்குக் கூட இருப்பது நீங்கள் மட்டும்தான். இயல்பாக 68 கிலோ இருக்கிறவனை 65-ல் நுழைக்காதீர்கள். நீர் இறக்க மாத்திரை கொடுத்தால் அதுவும் ஊக்கமருந்துப் பட்டியலில் உள்ள குற்றமே.

6. பனியனில் சாதியை ஏற்றாதீர்கள்.

நம் ஊர் இரண்டு மாவட்டத்தின் விளிம்பில் இருக்கிறது. இங்கே ஒரு போட்டி வைத்தால் வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளை பக்கமிருந்தெல்லாம் செட்டுகள் வரும். எல்லாச் சாதியும் வரும், எல்லா மதமும் வரும். பனியனின் நிறம், முதுகில் உள்ள படம், மைக்கில் சொல்கிற அடைமொழி, ஆதரவாளர் கட்டுகிற கொடி, இவற்றில் எது எந்தச் சாதிக்குரியது என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். உயர் நீதிமன்றம் கபடிப் போட்டிகளுக்கு அனுமதி கொடுக்கும்போது சாதி அடையாளம் உள்ள உடை கூடாது, தலைவர் படப் பலகை கூடாது என்று நிபந்தனை விதித்திருக்கிறது. அதைப் போலீஸ் வந்து சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். நுழைவுத் தாளிலேயே அச்சடியுங்கள். மைக் பிடிக்கிற ஆளுக்குத் தனியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் சண்டை அங்கிருந்துதான் தொடங்கும்.

2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த ஒரு தலித் மாணவனை வழிமறித்து விரல்களை வெட்டினார்கள். கபடியில் அவன் ஜெயித்ததுதான் காரணம் என்று வீட்டார் சொன்னார்கள். அதே மாவட்டத்து மணத்தியிலிருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025-ல் 'பைசன்' படமும் வந்தது. தாமிரபரணிக் கரையில் ஒரு பையனைக் கபடி உயரத்துக்கும் கொண்டுபோயிருக்கிறது. இன்னொரு பையன் விரல்கள் வெட்டுப்பட்டும் நின்றிருக்கிறான். உங்கள் செட்டில் யாரைச் சேர்க்கிறீர்கள், யாரோடு ஒரே பந்தியில் சாப்பிட வைக்கிறீர்கள், தோற்ற அன்று யாரைத் திட்டுகிறீர்கள் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே சாதி செட்டாகக் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் இந்த வருடமே மாற்றுங்கள்.

7. தனியறை, தனிப் பேச்சு, தனிப் பயணம் வேண்டாம்.

2021-ல் சென்னையில் பேர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் மீது அவரிடம் பயின்ற பெண்கள் வருடக்கணக்கான புகாரைச் சொன்னார்கள். போக்சோ சட்டத்தில் கைதானார். பிசியோதெரபி என்ற பெயரில் தொட்டார் என்பதே குற்றச்சாட்டு. 2023 ஜனவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்களே தெருவில் உட்கார்ந்து புகார் சொல்ல வேண்டியிருந்தது. பதக்கம் வாங்கியவர்களுக்கே அந்தக் கதி என்றால், எட்டாம் வகுப்புப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வாள்?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள எல்லாருக்கும் பொருந்தும், பையன்களுக்கும் சேர்த்து. பையன்களுக்கு இது நடக்கிறது என்பதை நம் பக்கத்தில் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், நீங்கள் ஒத்துக்கொள்ளுங்கள். குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தம் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. "பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுப்போகும், பொண்ணு வாழ்க்கை கெட்டுப்போகும், ஊருக்குள்ள பேசி முடிச்சிருவோம்" என்று பெரியவர்கள் கூடி உட்காருவார்கள். அந்தப் பெஞ்சில் நீங்கள் உட்காரக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். பேசி முடிக்கச் சட்டத்தில் இடமே இல்லை.

பதினெட்டைத் தாண்டிய பெண்களுக்கு 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பணியிடம் என்றால் அலுவலகம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். விளையாட்டு நிறுவனம், மைதானம், போட்டி நடக்கும் இடம் எல்லாம் அந்தச் சட்டத்தில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் புகார் கொடுக்கலாம்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை: நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்துக்குக் கூட்டிப்போனாலும் சரி, சென்னைக்குக் கூட்டிப்போனாலும் சரி, பெண் பிள்ளைகள் போனால் ஒரு ஆசிரியையோ ஒரு தாயோ கூட வரட்டும். தசை பிடித்தால் தைலம் தேய்ப்பது இன்னொரு பெண் பிள்ளையோ ஆசிரியையோ செய்யட்டும், மற்றவர்கள் பார்க்க. வாட்ஸ்அப்பில் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பாதீர்கள். பெற்றோர் உள்ள குழுவில் மட்டும் அனுப்புங்கள். இவ்வளவு கட்டுப்பாடா என்று நல்ல மனசுள்ள இளம் ஆசிரியர்கள் சங்கடப்படுவார்கள். உங்கள் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. நல்லவர்கள் எல்லாரும் இப்படி நடந்துகொண்டால்தான் கெட்டவன் தனியாகத் தெரிவான்.

8. பந்தயம் கட்டுகிறவனைக் களத்துப் பக்கம் விடாதீர்கள்.

2013 மே மாதம் ஐபிஎல் வீரர்கள் மூன்று பேர் கைதானார்கள். சூதாட்ட விவகாரம் தொடர்ந்து போய், சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 இரண்டு வருடமும் ஆடவே இல்லை. 2019-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் வீரர்களுக்கே வாட்ஸ்அப்பில் தூண்டில் வந்தது, விசாரணை நடந்தது. அதே வருடம் வங்கதேசத்தின் ஷகிப் அல் ஹசன், தரகர் தன்னை அணுகியதைச் சொல்லாமல் இருந்ததற்காகவே தடை வாங்கினார். பணம் வாங்கவில்லை, ஆட்டத்தை விற்கவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான் குற்றம். இதைப் பையன்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

நாட்டின் குற்றச் சட்டம் இதில் இன்னும் பலவீனம். 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம், ஆட்டத்தை விற்பது ஒழுங்கீனமாக இருக்கலாம், ஆனால் மோசடிப் பிரிவில் வராது என்று வழக்கை ரத்து செய்தது. சட்டம் பிடிக்காது என்பதால் நாமும் விட்டுவிட முடியாது. ஊர்க் கபடியில் பக்கத்தில் நின்று ஐந்நூறு, ஆயிரம் என்று கட்டுகிறவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவன் கொடுக்கும் பிரியாணிப் பொட்டலமும் வேண்டாம்.

9. ஆம்புலன்ஸ் வராமல் விசில் ஊதாதீர்கள்.

2022 ஜூலையில் பண்ருட்டி பக்கம் ஒரு கபடிப் போட்டியில், ரைடு போன இளைஞர் களத்திலேயே விழுந்து உயிர் விட்டார். அந்தக் காட்சி போனில் பரவி எல்லாரும் பார்த்தோம். போட்டி நடத்துகிறவர்கள் போலீஸ் அனுமதியும், 108-க்கு முன்கூட்டித் தகவலும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கடிதமும் கொடுங்கள். மேட் விரிக்கப் பணம் இல்லை என்றால் மண்ணைக் கொத்திச் சலித்துப் போடுங்கள், கல் தெரியும் களத்தில் பிள்ளையை இறக்காதீர்கள். விளக்குக் கம்பத்தையும் ஒயரையும் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள், நம் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. அதைவிட முக்கியம், தலையில் அடிபட்டு மயங்கி எழுந்த பையன் "நான் ஆடுறேன் சார்" என்றால் அவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

10. சான்றிதழும் பரிசுப் பணமும் பிள்ளையுடையவை.

அசலைக் கையில் கொடுத்துவிட்டு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 விழுக்காடு இருக்கிறது. அந்த ஒரு தாளில் ஒரு குடும்பம் நிமிரலாம். செட் மாறிவிடக் கூடாது என்பதற்காகத் தாளைப் பிடித்து வைப்பதைக் கொள்ளை என்றுதான் சொல்வேன். வெற்றுத் தாளில் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கும் ஏஜென்டுகளும் வரத் தொடங்கிவிட்டார்கள். பெற்றோர் படிக்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

11. சங்கத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம் என்றதும் கைகட்டி நிற்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெரிய விளையாட்டுச் சங்கங்கள் அரசாங்கம் இல்லைதான். ஆனால் பொதுக் கடமை செய்கின்றன, அதனால் அரசியலமைப்பின் 226-ம் பிரிவின் கீழ் அவற்றின் மீது உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றமே 2005-ல் சொல்லியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டம், தேர்வுத் தகராறு போன்றவற்றுக்குத் தனித் தீர்ப்பாயம், வீரர்களுக்கான குழு, பாதுகாப்பான விளையாட்டுக்கான கொள்கை எல்லாவற்றையும் சொல்கிறது.

முதலில் சங்கத்துக்குக் கடிதம் எழுதுங்கள். தேதி போட்டு, பெயர் போட்டு, மரியாதையாக. வாயால் கேட்டதை யாரும் பதிவு செய்ய மாட்டார்கள். பதில் வராவிட்டால் மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் ஆட்சியருக்கும் நகல் வையுங்கள். குறிப்பிட்ட நாள் வரை பார்த்துவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள். கையில் காசு இல்லாத குடும்பம் என்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். பெண்களுக்கும், பிள்ளைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை. குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே அந்த அலுவலகத்தை ஒரு முறை நேரில் போய்ப் பார்த்து, எந்த நேரம் யார் இருப்பார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.